எந்த ரிம் ஆகும், எந்த ரிம் ஆகாது? போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோவையில் டயர் கடை வைத்துப் பிழைப்பவன் எழுதுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், கேரள வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியதும் எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு கீழே இறங்கி வர வர, 'கம்பெனியில் வந்ததைத் தவிர எதுவும் ஆகாது' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி, சாலையோரம் கை காட்டி வண்டியை நிறுத்துபவர் வரை வந்து சேர்ந்துவிட்டது. அதையும் நீங்கள் அறிவீர்கள். அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். எந்தக் காருக்கு எந்த அளவு ரிம்மும் டயரும் போடலாம் என்று எழுத்தில் கொடுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் நடந்த ஒரு கூத்து.

என் வாடிக்கையாளர் ஒருவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வெளியே எடுக்கிற பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். குழியில் இறங்கி இறங்கி அதன் இரும்பு ரிம் வளைந்துவிட்டது. பேலன்சிங் மிஷினில் எத்தனை எடை ஒட்டினாலும் ஸ்டீயரிங் நடுக்கம் நிற்கவில்லை. அதே காரின் டாப் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அலாய் ரிம்மை வரவழைத்து மாட்டினேன். அதே 14 அங்குலம், அதே அகலம், அதே டயர் அளவு. மாறியது உலோகம் மட்டும்தான்.

காருக்கு 15 வருடம் முடிந்ததால் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டு போனார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். பிரேக் இன்ஸ்பெக்டர் தூரத்தில் இருந்தே பார்த்தார். சக்கரம் மினுங்கியது. "அலாய் போட்டிருக்கு, கம்பெனி ரிம் மாத்திட்டு வாங்க." கம்பெனி ரிம்தான் சார் என்று பெரியவர் பில்லைக் காட்டியிருக்கிறார். இந்த மாடலுக்கு வந்ததில்லையே என்று பதில். அதற்கு மேல் பேச அவருக்குத் தெம்பில்லை. எனக்குப் போன் செய்தார், கிளம்பிப் போனேன்.

அலுவலகத்துக்கு நாலு கடை தள்ளி ஒரு கொட்டகை. அங்கே நாலு இரும்பு ரிம், டயரோடு, வாடகைக்குக் கிடைக்கிறது. எஃப்சி ரிம், அதாவது தகுதிச் சான்று வாங்குவதற்கான ரிம் என்றே பெயர். தொட்டுப் பார்த்தேன். முதல்நாள் அடித்த கறுப்புப் பெயிண்ட் விரலில் ஒட்டியது. ஒரு டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டு, உள்ளே நூல் தெரிகிறது. இன்னொன்றில் 2214 என்று போட்டிருந்தது. 2014-ஆம் வருடத்தின் 22-ஆம் வாரம் வார்த்த டயர் அது. "இது எப்படிப்பா பாஸ் ஆகும்?" என்று கேட்டதற்கு அங்கிருந்த பையன் சிரித்தான். "கவலைப்படாதீங்கண்ணா, இந்த செட்டு இதுவரைக்கும் ஃபெயிலே ஆனதில்ல."

ஆகவும் இல்லை. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத டயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நூல் தெரியும் டயரை மாட்டிக்கொண்டு போனோம். 'தகுதியானது' என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வந்து கொட்டகையில் ரிம்மை இறக்கிவிட்டுப் பழையபடி மாட்டினோம். வாடகை, கழற்றி மாட்டக் கூலி, வெயிலில் ஒரு முழு நாள். முதுகுவலிக்காரரான பெரியவர் அந்தக் கொட்டகை வாசலில் ஒரு பழைய டயர்மேல்தான் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்பு என்ற பெயரில், பாதுகாப்பான காரைக் கொஞ்ச நேரம் ஆபத்தானதாக மாற்றி அதற்குச் சான்றிதழும் வாங்கி வந்திருக்கிறோம். இந்த ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் என் கடைக்கு நாலு ரிம்மோடு வந்தான். 17 அங்குலம், அகலம் 9 அங்குலம். அதில் மாட்டச் சொல்லிக் கையில் கொண்டு வந்தது 195/40 டயர். அந்த டயருக்கு ஏழு அங்குல அகலம் பொருந்தும், மிஞ்சினால் ஏழரை. ஒன்பது அங்குலம் என்றால் ஏறக்குறைய 229 மில்லிமீட்டர். 195 மில்லிமீட்டர் டயரை இழுத்துப் பிடித்து அதில் உட்கார வைக்க வேண்டும். ஸ்ட்ரெட்ச் என்கிறார்கள். சக்கரம் ஃபெண்டருக்குள் (சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் தகட்டுக்குள்) ஒட்டினாற்போல, சாய்வாக, 'கெத்தா' நிற்கும். முடியாது தம்பி என்று அனுப்பிவிட்டேன். வேறொரு கடையில் முடிந்தது. மிஷினில் காற்று பிடிக்காது என்பதால் டயருக்குள் ஸ்பிரே அடித்து, தீ வைத்து, டப்பென்று வெடிக்கும் அந்த வேகத்தில் டயரின் பீடு, அதாவது ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் உள்விளிம்பு, ரிம் ஓரத்தில் போய் உட்காரும். அதைச் செல்போனில் படமெடுத்து எனக்கே பெருமையாக அனுப்பி வைத்தான்.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருக்கலாம். டயரின் பக்கச்சுவர் ஒழுங்கான அளவில் கொஞ்சம் உப்பி நிற்கும். குழியில் விழும்போது அடியை வாங்கி அமுங்குவது அதுதான். இழுத்துக் கட்டிய டயரில் அது தம்புராக் கம்பி மாதிரி விறைத்துக் கிடக்கும், அமுங்க இடமே இல்லை. டயரைத் தாண்டி ரிம் ஓரம் வெளியே துருத்துவதால் முதல் அடி ரிம்முக்கு. காற்று கொஞ்சம் குறைந்தாலோ, வேகமாக ஒரு வளைவு எடுத்தாலோ பீடு தன் இடத்தைவிட்டு வழுக்கும். வழுக்கினால் மொத்தக் காற்றும் ஒரு நொடியில் போய்விடும். மெதுவாக இறங்கும் பஞ்சர் இல்லை அது. டயர்மேல் போட்டிருக்கும் லோடு இண்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எண்) எல்லாம் சரியான அகல ரிம்மில் மாட்டினால்தான் பேசும். காரில் அஞ்சு பேர் ஏறினால் அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு? போதாததற்கு ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தகட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள், வீல் பேரிங் சீக்கிரமே ஊளையிட ஆரம்பிக்கும்.

அந்தப் பையனின் கார் அதே கோலத்தில் ஊரெல்லாம் சுற்றியது. ஒருமுறை போலீஸ் நிறுத்தியிருக்கிறார்கள். எதற்கு? கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியதற்கு. அபராதம் கட்டி, ஃபிலிமைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே சக்கரத்தில் கிளம்பிப் போனான். பிறகு ஒரு ராத்திரி பைபாஸில் ஒரு குழி. முன்பக்க இடது டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, கார் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. பின்னால் லாரி எதுவும் வராததால் பிழைத்தான். காரை மீட்பு வண்டியில் ஏற்றி என் கடைக்குத்தான் கொண்டு வந்தார்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயர் சக்கரத்தைப் பார்த்ததுமே நோட்டை மூடிவிட்டார்.

இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தடுக்க வேண்டியது ஓடுகிறது, ஓட வேண்டியதைத் தடுக்கிறீர்கள். காரணம் எளியது. உங்கள் ஆட்களின் கையில் அளவு இல்லை. ஆர்சி அட்டையில் எஞ்சின் நம்பர் உண்டு, நிறம் உண்டு, சொந்தக் காருக்கு டயர் அளவு கிடையாது. ஆகவே கண்ணுக்கு மினுங்குவதைப் பிடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, எதை வைத்து முடிவு செய்வார்கள்?

கம்பெனிகளே ஒரு காருக்கு இரண்டு அளவு கொடுக்கின்றனவே. 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டில் கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதல் சக்கரத்தின் முழு உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 622. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டருக்குக்கூடத் தெரியாது. கீழ் மாடல்காரர் காசு சேர்த்து மேல் மாடலின் சக்கரத்தை வாங்கிப் போட்டால் குற்றமா, இல்லையா? நான் கேட்ட அதிகாரிகளில் ஒருவர் குற்றம் என்றார், ஒருவர் இல்லை என்றார், ஒருவர் "எதுக்குங்க வம்பு" என்றார். மூன்றில் எது சட்டம்?

சட்டத்தில் 182ஏ பிரிவு இருக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றும் வண்டிக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. பாதுகாப்புக்கு முக்கியம் என்று அரசு அறிவித்த உதிரிபாகத்தைத் தரமில்லாமல் விற்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, இரண்டும்கூட. ரிம்முக்கு ஐஎஸ் 16192 என்று தர அளவு உண்டு. ஆனால் எங்கள் தெருவில் எந்த அலாய் கடைக்குள்ளும் யாரும் வந்து ரிம்மைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஜப்பான் தர எழுத்தான ஜேடபிள்யூஎல்லை அச்சிலேயே வார்த்துப் போட்ட டூப்ளிகேட் ரிம் தாராளமாகக் கிடைக்கிறது. குழியில் விழுந்தால் அது வளையாது, விரிசல் விடும். விற்றவர் கடை ஏசியில் இருக்கிறார், வாங்கியவர் வெயிலில் அபராதம் கட்டுகிறார்.

குழி என்றதும் இன்னொன்று. ரிம் ஏன் வளைகிறது என்று யாராவது கேட்டதுண்டா? மழை முடிந்து ஒரு மாதம் என் கடையில் ரிம் நிமிர்த்தும் வேலைதான் வேலை. வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை, தார் போட்ட மறுவாரமே தோண்டிய பள்ளம், மூடிய பிறகு சாலையைவிட மேடாக நிற்கும் சாக்கடை மூடி. கம்பெனி கொடுத்த அளவிலிருந்து கார் மாறக் கூடாது என்கிறோம். ஒப்பந்தத்தில் எழுதிய அளவிலிருந்து சாலை மாறினால் அதற்கு ஒரு 52-ஆம் பிரிவு கிடையாதா? அதற்கும் நாலு நல்ல சாலையை வாடகைக்கு எடுத்து விரித்துக் காட்டித்தான் பாஸ் வாங்குகிறார்களோ என்னவோ.

சரி, அது வேறு துறை. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

அலாயே கூடாது என்பது என் கட்சி இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊரில், பையன்களுக்குக் கார்மேல் ஆசை வராமல் வேறு எதன்மேல் வரும்? ஆசைக்கு ஒரு நேர்வழி காட்டாவிட்டால் ஸ்பிரேயும் தீப்பெட்டியும்தான் வழி காட்டும். ஜெர்மனியில் வேறு ரிம் மாட்ட நினைப்பவர் அந்த ரிம்முக்கான சான்றோடு போய்ச் சோதனை செய்து, தேவைப்பட்டால் வண்டியின் பதிவுத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார். அதே அளவு ஏற்பாடு உடனே வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இன்றே செய்யக்கூடியது. ஒவ்வொரு மாடலுக்கும் என்னென்ன டயர் அளவு என்பது, கம்பெனிகள் வகை ஒப்புதல் (ஒரு மாடலை விற்பதற்கு முன் வாங்கும் அனுமதி) வாங்கும்போது கொடுத்த தாள்களில் ஏற்கெனவே இருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரிலும் இருக்கிறது, சில கார்களில் இரண்டு அளவும் ஒரே ஸ்டிக்கரில். அதைத் திரட்டி, கீழ் மாடலுக்கு மேல் மாடல் சக்கரம் ஆகுமா ஆகாதா என்ற ஒரு வரியையும் சேர்த்து, எழுத்தில் கொடுங்கள். ரிம் அகலத்துக்குப் பொருந்தாத டயர் ஓடக் கூடாது என்றும் அதிலேயே எழுதுங்கள். சோதிக்க ஆய்வகம் வேண்டாம். டயர் அளவு பக்கச்சுவரில் இருக்கிறது, ரிம் அகலம் பெரும்பாலும் அதன் பின்பக்கம் வார்த்திருக்கிறது, ஃபெண்டரைவிட்டுச் சக்கரம் வெளியே நிற்கிறதா என்பதற்குக் கண் போதும். முடிந்தால் ஒரு முறையாவது கடைகளுக்கு வாருங்கள், என் கடையிலிருந்தே ஆரம்பியுங்கள். டீ வாங்கித் தருகிறேன், வேறு எதுவும் தரமாட்டேன்.

எஃப்சி ரிம் கொட்டகை பற்றி நடவடிக்கை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். அளவு எழுத்தில் வந்துவிட்டால் அந்தக் கடைக்கு வியாபாரம் இருக்காது.

தயவுசெய்து சுற்றறிக்கையைத் தமிழில் போடுங்கள். டயர் மாட்டும் பையன்கள் படிக்க வேண்டும். கடைச் சுவரில், காற்று மிஷினுக்கு மேலே, ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கோவை டயர் கடைக்காரர் ஒருவர்