ரஜுலாவில் நீ ஏறியதே இல்லையே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்ணில் புரை எடுத்ததால் எதையும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். இப்போது பரவாயில்லை, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், 2023 அக்டோபரில் ஆரம்பித்தது, சில நாளில் நின்றது, பிறகு 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதிவிட்டு, "அடுத்து பினாங்குக்கும் விட்டுவிட்டால் ரஜுலா காலம் திரும்பிவிடும்" என்று முடித்திருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, அந்தக் காலத்தில் நாகை வழியாகப் பினாங்குக்கு ஓடிய அந்த ரஜுலா கப்பலில் நீ ஏறியதே இல்லை. கரையில் நின்று கையாட்டிய ஆள் நீ. கரையிலிருந்து பார்த்தால் அது அழகான கப்பல்தான், கறுப்பு உடம்பு, கறுப்புப் புகைக்கூண்டில் இரண்டு வெள்ளைப் பட்டை, தூரத்திலேயே பி.ஐ., அதாவது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் என்று தெரிந்துவிடும். உள்ளே எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1926இல் கிளாஸ்கோவில் கட்டி இறக்கியபோது, 500 அடி நீளம்கூட இல்லாத அந்தக் கப்பலில் 5,000 பேருக்கும் மேல் டெக் பிரயாணிகளை, அதாவது கேபின் இல்லாமல் தளத்தில் பாய் விரித்துப் படுக்கிறவர்களை, ஏற்றலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். மேலே கேபின்களில் போகிறவர்கள் அதில் சொற்பம் பேர்தான். அதாவது அந்தக் கப்பலே டெக் ஜனங்களுக்காகக் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இப்போது கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர், இதுதான் அதன் தடம். மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு பேரை எவ்வளவு மலிவாக அடைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டத்துக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடுத்தபிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது, டெக் எண்ணிக்கையையும் பிற்பாடு வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். நான் போன காலத்தில் அந்தக் குறைத்த கணக்குதான், அப்படியும் காலை நீட்ட இடமில்லை.

1958இல் அம்மாவோடு போனேன், எனக்குப் பத்து வயது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, உனக்குத் தெரியும், கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். படகு ஏறி இறங்குகிறது, கப்பலின் ஏணி ஒரு பக்கம் ஆடுகிறது, அலை படகைத் தூக்கும் நொடி பார்த்துக் கால் வைக்க வேண்டும். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு "நாகூர் ஆண்டவா" என்று கத்திக்கொண்டே தாவினாள். வீட்டில் கும்பிடுவது முருகனை, ஆனால் கடல் காரியம் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் நாகூர்தானே.

ஏறினவுடன் ஒரே ஓட்டம், இடம் பிடிக்க. பாயை விரித்து நாலு பக்கமும் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டால் அது நம் வீடு. அனுபவப்பட்டவர்கள் மேல் தளத்தில், காற்று வரும் ஆனால் மழை அடிக்காத இடமாகப் பார்த்துப் போய்விடுவார்கள், புதிதாக வருகிறவர்கள் அடித்தளத்தில் மாட்டிக்கொள்வார்கள், அங்கே எஞ்சின் சூடு, எண்ணெய் வாடை, வாந்தி நாற்றம் எல்லாம் சேர்ந்து அடிக்கும். நாங்கள் புதிது. பினாங்குக்கு நாலைந்து நாள், வங்கக் கடலைத் தாண்டி நிக்கோபாருக்குத் தெற்கே சுமத்ராவை ஒட்டினாற்போலப் போகிற வழி, அதில் முதல் இரண்டு நாள் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, கப்பல் முழுக்கச் சுற்றினேன். மாலுமிகளுக்குத் தலைவனான சாரங்கு விசில் ஊதி ஆட்களை விரட்டுவது, சமையல்காரப் பண்டாரி அண்டாவில் சோறு வடிப்பது, மூட்டை மூட்டையாக வெங்காயம், தடுப்புக்குள் ஆடுகள். அந்த ஆடுகள் இருந்த பக்கம் படுத்தவர்களின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் கடிகாரம். இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் அப்போது இரண்டு மணி நேர வித்தியாசம், அதை ஒரேயடியாக மாற்றாமல் வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை, பசிக்கிற நேரத்துக்கும் மணிக்கும் பொருந்தவில்லை என்று புலம்பினாள்.

ஒன்று உனக்குத் தெரிந்திருக்காது. ரஜுலாவுக்கு ரோஹ்னா என்று ஒரு ஜோடிக் கப்பல் உண்டு, அதுவும் 1926இல் கட்டியதுதான். உலகப் போரில் இரண்டையும் படைகளை ஏற்ற எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியா கரைக்கு அப்பால், ரேடியோவால் திருப்பி ஓட்டக்கூடிய ஒரு ஜெர்மன் குண்டு ரோஹ்னாவில் விழுந்தது. ஆயிரத்துக்கும் மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்துப்போனார்கள், கப்பல் ஊழியர்கள் பெரும்பாலும் இந்தியர்கள், அவர்களிலும் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அமெரிக்கா அந்தச் செய்தியை வெகு காலம் மூடியே வைத்திருந்தது. ரஜுலா தப்பித்து வந்து மறுபடி நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. கட்டினவன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. ரஜுலாவைப் பற்றி யார் பேசினாலும் மலாயாவுக்குப் போன கதையாகவே இருக்கிறது, பத்து ரூபாயோடு ஏறினார், பினாங்கில் கடை வைத்தார், பெரிய ஆளானார் என்று. 1929இல் பெரியார் நாகையில் கப்பல் ஏறி மலாயா வந்ததைக்கூட இங்கே இன்னும் சொல்வார்கள். திரும்பி வந்தவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. 1970இல் தாத்தா நிலத்து விஷயமாக அப்பா என்னை அனுப்பினாரே, நீகூட படகுத்துறைக்கு வந்து என்னை அழைத்துப் போனாய், அந்தப் பயணத்தைப் பற்றி உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. பத்திரம், பட்டா, பங்காளிச் சண்டை என்று அலைந்ததில் விட்டுப்போயிற்று.

அந்தக் கப்பலில் பாதிக்கு மேல் தோட்டத்து ஜனங்கள். கெடா, பேராக், சிலாங்கூர் பக்கம். கோலாலம்பூரில் நடந்த 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்று பிடியை இறுக்கிவிட்டார்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் கதி அதோகதி. அதில் எத்தனையோ பேர் அங்கேயே பிறந்தவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லை, அல்லது குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. ஏற்கெனவே தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று வேலை போய்க்கொண்டிருந்த காலம், அதைத் தடுக்கத்தான் அப்போது மலாயாவில் மந்திரியாக இருந்த சம்பந்தன் 1960இல் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அதற்கும் மிஞ்சி இது வந்தது. பல்லாயிரம் பேர் போய்விட்டார்கள்.

என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் ஒரு குடும்பம். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், பால்மரம் என்கிற ரப்பர் மரம் வெட்டிய கை, விரல் நுனியெல்லாம் கறுப்பு. தையல் மிஷின் ஒன்று, கம்பளிகள், ரேடியோ ஒன்று, கோழி அடைக்கிற கூடைகூட இருந்தது, கோழி இல்லை. "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டேன். மகனைப் பார்த்தார். மகன் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தான், பெரம்பலூர் பக்கம் ஏதோ கிராமம், தாத்தா பிறந்த இடமாம், அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் கப்பலில் ஏறுவது அதுதான் முதல் தடவை, அவருக்கு ரஜுலா அக்கரைக்குப் போகிற கப்பல், அக்கரை என்பது நம் ஊர். நாகையில் படகில் இறங்கும்போது அந்த மிஷினை இறக்கப் படகுக்காரன் தனியாகக் காசு கேட்டான், நான்தான் சத்தம் போட்டுக் குறைத்தேன். அப்புறம் கூட்டத்தில் உன்னைத் தேடினதில் அவர்களை விட்டுவிட்டேன்.

அதனால்தான் ரஜுலா காலம் திரும்ப வேண்டும் என்று நீ எழுதினதும் சிரிப்போடு கொஞ்சம் கோபமும் வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கப்பலும் பாவம், அதற்கென்ன தெரியும். 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பேர் மாற்றியது, மறு வருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம், பிரெஞ்சுக்காரன் 1966இல் கட்டினது, எவ்வளவோ வசதி, பாய் விரிக்கத் தேவையில்லாமல் பங்க் படுக்கை. அதுவும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல பேர் இறந்ததோடு முடிந்தது. அத்தோடு நாகைக்கும் பினாங்குக்கும் பிரயாணிக் கப்பல் இல்லை. விமானம் இருக்கும்போது இனி யார் நாலு நாள் கடலில் கிடப்பார்கள், சொல்லு. வெங்காயம் வேண்டுமானால் போகட்டும்.

காங்கேசன்துறை வேறு விஷயம். அது சில மணி நேரப் பாதை, அந்தக் கப்பல் ஓட வேண்டும், நின்று நின்று ஓடாமல் ஒழுங்காக ஓட வேண்டும். இப்போது டிக்கெட் என்ன விலை, எத்தனை கிலோ விடுகிறார்கள், பாஸ்போர்ட் மட்டும் போதுமா என்று விசாரித்து எழுது. தை மாதம் பேத்தி கல்யாணம் முடிந்ததும் வருகிறேன், சென்னையில் இறங்கி ரயிலில். உன் முழங்கால் ஒத்துழைத்தால் இரண்டு பேருமாக ஒரு நடை யாழ்ப்பாணம் போய்விட்டு வரலாம், நல்லூர் பார்த்ததில்லை நான். முழங்காலுக்கு அந்த எண்ணெயை விட்டுவிட்டு டாக்டரிடம் போ. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லு.

உன்,
பினாங்கு மாப்பிள்ளை