ஜிபிஎஸ் மாட்யூல் கெட்டுப்போகவில்லை, வயரை மாற்றிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணு போர்டு வழியாக நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலைக் கணினியில் இணைக்கும் செய்முறை வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர முன்வந்ததற்கு நன்றி. ஆனால் அதிலுள்ள படத்தில் மாட்யூலின் டிஎக்ஸ் (தகவலை அனுப்பும் முனை), போர்டின் ஆர்எக்ஸுக்கு (தகவலைப் பெறும் முனை) போகிறது. அதைப் பார்த்து வயர் கொடுத்தால் திரையில் ஓர் எழுத்துகூட வராது. மாட்யூல் செத்துவிட்டது என்று நினைத்து ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் அப்படியேதான் இருக்கும்.

'டிஎக்ஸை ஆர்எக்ஸில் கொடு' என்ற பாடம், போர்டிலுள்ள மைக்ரோகன்ட்ரோலரே, அதாவது புரோகிராமை இயக்கும் சிப்பே, தகவலைப் படிக்கும்போதுதான் பொருந்தும். இந்தச் செய்முறையிலோ போர்டில் வெற்று புரோகிராமை ஏற்றி, அதை வெறும் பாலமாகத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே படிப்பது பக்கத்திலுள்ள, கணினியோடு பேசும் யுஎஸ்பி சிப். அது காது கொடுத்துக் கேட்கும் முனை, 'டிஎக்ஸ்' என்று அச்சிட்ட 1ஆம் பின்னோடு சேர்ந்திருக்கிறது. ஆகவே மாட்யூலின் டிஎக்ஸ், போர்டின் டிஎக்ஸுக்கே போக வேண்டும். மின்சாரம் வாங்கும் விசிசி 5 வோல்ட்டுக்கு, கிரவுண்டு கிரவுண்டுக்கு. மூன்றே வயர். மாட்யூலின் ஆர்எக்ஸை அப்படியே விட்டுவிடலாம், படிப்பதற்கு அது வேண்டாம். புரோகிராம் ஏற்றும்போது மட்டும் 1ஆம் பின் வயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் போர்டின் தகவலும் மாட்யூலின் தகவலும் ஒரே பாதையில் மோதி, ஏற்றம் பாதியில் நின்றுவிடும்.

வரும் தகவலைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரை 9600 பாட் வேகத்தில் வையுங்கள். வேகம் தப்பினால் குப்பை எழுத்துகள் கொட்டும். டாலர் குறியில் தொடங்கும் வரிகள் விநாடிக்கு ஒரு கொத்தாக வந்தால் இணைப்பு சரி. அவற்றில் 'ஆர்எம்சி' என்று குறித்த வரியில் நேரத்தை அடுத்து 'வி' இருந்தால் இடம் இன்னும் பிடிபடவில்லை. 'ஏ' என்றால் பிடிபட்டுவிட்டது. வரியே வராவிட்டால் முதலில் சாலிடரைப் பாருங்கள். மாட்யூலுக்கான உலோகப் பின்களின் வரிசை தனியாகத்தான் பெட்டியில் வரும். அதைத் துளையில் செருகி, சாய்த்துப் பிடித்தபடி சோதிக்கிற பிள்ளைகள் ஏராளம். நான்கு பின்னுக்கும் சாலிடர் வைக்காமல் எதையும் நம்பக்கூடாது.

'வி' மாறவே இல்லை என்ற புகாரில் பெரும்பாலானது கூரையால் வருவது. கான்கிரீட்டுக்கு அடியில் இந்தச் சிக்னல் தேறாது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியையும் தகரக் கொட்டகையையும் விட்டுத் தள்ளி, ஆண்டெனாவின் சதுர பீங்கான் முகம் வானத்தைப் பார்க்க வையுங்கள். திறந்த வெளியில் முதல் முறை 27 விநாடி என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. சௌகார்பேட்டை சந்து மாதிரி இருபுறமும் சுவர் எழும்பிய இடத்தில் பல நிமிடம் ஆகும். பொறுமையிழந்து பிடுங்கிச் செருகாதீர்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது. நடுவில் அறுந்தால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். இப்படி நான்கு செயற்கைக்கோள்களாவது கிடைக்க வேண்டும்.

பிறகு போர்டே படிக்கும்படி புரோகிராம் எழுதும்போதுதான் டிஎக்ஸ், ஆர்எக்ஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். வேறு பின்கள் வழியாகத் தகவலைப் படிக்க உதவும் சாஃப்ட்வேர் சீரியலுக்கு 4, 3 ஆகிய பின்கள் போதும். மாட்யூலின் ஆர்எக்ஸ் 3.3 வோல்ட்டுக்கானது, ஊனோ தருவதோ 5 வோல்ட். நேராகக் கொடுக்காமல், வழியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அந்த முனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓமும் வைத்துக் குறைக்க வேண்டும். புரோகிராமில் ஒரு விநாடி 'டிலே' (காத்திருப்பு) போடவே கூடாது. வந்ததைச் சேர்த்துவைக்கும் இடம் 64 எழுத்துதான், ஒரு வரியே 70ஐத் தாண்டும். வால் அறுந்த வரிகளைப் பார்த்தால் காரணம் இதுதான்.

கடைசியாக, செய்முறையில் இடத்தைக் குறிக்க அச்சான எண்ணைப் பற்றி. சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே மாட்யூல் 1304.95 வடக்கு, 08016.53 கிழக்கு என்று காட்டும். அதில் உள்ளதுபோல் புள்ளியை நகர்த்தி 13.0495, 80.1653 என்று எழுதினால் வரைபடம் போரூர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும், 12 கிலோமீட்டர் தள்ளி. முதல் பகுதியான 13 பாகை, மிச்சமுள்ள 04.95 கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கணக்கு. 4.95ஐ 60ஆல் வகுத்தால் 0.0825, ஆகவே 13.0825. அதேபோல் 80.2755. நேரத்திலும் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும், அது கிரீன்விச் கணக்கில் வருவதால்.

1ஆம் பின்னுக்கு வயர் போகும்படி திருத்திய படத்தை அடுத்த மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அறிவியல் கண்காட்சிக்குப் பழைய படத்தை வெட்டி ஒட்டிவைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது உடனே தேவைப்படும்.

இங்ஙனம்,
மின்னணுவியல் பயிற்றுநர்கள்,
குரோம்பேட்டை, சென்னை