நாள் கணக்கை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஆண்டு விழாக்கள் வந்தால் வடசென்னையில் ஏதாவது ஒரு மேடையில் 'ரோமியோ ஜூலியட்' ஏறிவிடும். 40 நிமிடத்துக்குச் சுருக்குவார்கள். பால்கனி, வாள் சண்டை, கல்லறை மூன்றும்தான் மிஞ்சும். பார்ப்பவர்கள் "பாவம், விதி" என்று எழுந்து போவார்கள். தேர்வு நோட்ஸிலும் அதே பதில்தான்.

விதி இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கிரகம் சரியில்லாத காதலர்கள் என்று முன்னுரையிலேயே வந்துவிடுகிறது. ஆனால் அதன் பிறகு ஷேக்ஸ்பியர் கையில் எடுப்பது காலண்டரை. அவருக்கு மூலமாக இருந்த 1562-ஆம் ஆண்டுக் கவிதையில் இந்தக் கதை மாதக்கணக்கில் நடக்கும். அவர் அதை ஞாயிறு காலை தொடங்கி வியாழன் விடியலுக்குள் அடைத்துவிட்டார். ஞாயிறு இரவு விருந்தில் பார்த்துக்கொள்கிறார்கள் (அன்று மாலை வரை ரோமியோ உருகியது ரோசலினுக்காக). திங்கள் பிற்பகல் கல்யாணம். ஒரு மணி நேரத்தில் ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட் ரோமியோ கையால் பிணம். ரோமியோவை ஊரைவிட்டே துரத்திவிடுகிறார்கள்.

அவசர புத்தி ரோமியோவுக்கு மட்டும் என்று எழுதினால் பாதி மார்க்தான் போடலாம். ஜூலியட்டின் அப்பா கேபுலெட்டைப் பாருங்கள். பெண்ணுக்கு இன்னும் 14 முடியவில்லை, இரண்டு கோடை போகட்டும் என்று பெண் கேட்டு வந்த பாரிஸிடம் சொன்ன அதே மனிதர், வீட்டில் சாவு விழுந்த திங்கள் இரவில், "இன்றைக்கு என்ன கிழமை? திங்களா? புதன் ரொம்பச் சீக்கிரம், வியாழன் வைத்துக்கொள்ளலாம்" என்று பாரிஸுடன் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறார். செவ்வாயன்று மகள் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டதும், சந்தோஷத்தில் அதையும் புதன் காலைக்கு இழுத்துவிடுகிறார். இந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இந்தக் கல்யாணத்திலிருந்து தப்பப் பாதிரியார் கொடுத்தது, செத்தவள் போல் தூங்கவைக்கும் மருந்து. புதன் இரவு குடிக்க வேண்டிய அதை ஜூலியட் செவ்வாய் இரவே குடிக்கிறாள். இந்தத் திட்டத்தைச் சொல்லும் பாதிரியாரின் கடிதம் வெளியூரில் இருக்கும் ரோமியோவுக்குப் போய்ச் சேர இருந்த அவகாசத்தில் ஒரு நாள் காலி.

கடிதம் கொண்டுபோன துறவி, கொள்ளைநோய் சந்தேகத்தில் பூட்டிய வீட்டில் மாட்டிக்கொள்கிறார். 2020-ல் தகரம் அடித்த தெருக்களைப் பார்த்த ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். இது விதி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ரோமியோ? ஜூலியட் செத்துவிட்டாள் என்று சேதி கொண்டுவந்த வேலைக்காரனிடம், "பாதிரியாரிடமிருந்து கடிதம் உண்டா?" என்று கேட்கிறான். இல்லை என்றதும் "பரவாயில்லை போ" என்கிறான். கொஞ்சம் பொறுங்கள் என்று வேலைக்காரன் கெஞ்சியும் கேட்காமல், 40 டக்கட் (தங்கக் காசு) கொடுத்து விஷம் வாங்குகிறான். இதை எந்தக் கிரகத்தின் தலையில் கட்டுவது?

கோவலன் கொலைக்கு ஆணை பிறக்கும் இடத்தில் இளங்கோ 'வினைவிளை காலம் ஆதலின்' என்று விதியைச் சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே 'தேரான் ஆகி' (ஆராயாதவன் ஆகி) என்று பாண்டியனையும் பிடிக்கிறார். இரண்டும் சேர்ந்துதான் கொல்கின்றன. கண்ணகி 'தேரா மன்னா' என்று ஆரம்பிப்பதும் அதனால்தான். துன்பியல் நாயகனை வீழ்த்தும் தவற்றுக்கு அரிஸ்டாட்டில் வைத்த பெயரான ஹமார்ஷியாவைக் 'குணக்கேடு' என்று நோட்ஸில் எழுதுவதைவிட, 'தேராமை' எவ்வளவோ நெருங்கி வரும். அந்தக் கிரேக்கச் சொல்லின் வேரே குறி தவறுதல்தான்.

மேடையேற்றுகிறவர்களுக்கு: 3-ஆம் அங்கம் 4-ஆம் காட்சி (நாள் குறிப்பது), 4-ஆம் அங்கம் 2-ஆம் காட்சி (நாளை மாற்றுவது), 5-ஆம் அங்கம் 2-ஆம் காட்சி (கடிதம் திரும்பி வருவது) மூன்றையும் வெட்டாதீர்கள். மூன்றும் சேர்ந்து ஏழெட்டு நிமிடம்தான். பால்கனியைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் இது மின்னல் மாதிரி திடீரென்று வருகிறதே என்று ஜூலியட்டே பயப்படும் வரி இருக்கட்டும். மருந்து 42 மணி நேரம் வேலை செய்யும் என்ற வசனத்தை வைத்தால், கணக்குப் போடும் மாணவர் கேள்வி கேட்பார்: செவ்வாய் இரவிலிருந்து எண்ணினால் வியாழன் மாலை ஆகிறது, ஜூலியட்டோ விடிவதற்குள் கண் விழிக்கிறாள். அந்த இடறல் மூலத்திலேயே இருக்கிறது. திருத்த வேண்டாம்.

அதிகம் கெடுவது வாள் சண்டைதான். ரோமியோவை ஓரமாக நிற்கவைத்துக் கத்தவிட்டால், அவன் நண்பன் மெர்குஷியோவின் சாவு டிபால்ட்டின் கணக்கில் மட்டும் சேர்ந்துவிடும். மூலத்தில் ரோமியோ யோசிக்காமல் நடுவில் பாய்கிறான். அவன் கைக்கு அடியில் புகுந்துதான் வாள் மெர்குஷியோவைக் குத்துகிறது. எனவே ரோமியோ டிபால்ட்டுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். பார்வையாளர் பக்கமுள்ள கையைத் தோள் உயரத்துக்கு நீட்டட்டும். வாள் எங்கே புகுந்தது என்பது அப்போதுதான் கடைசி வரிசைக்கும் தெரியும். "ஏன் நடுவில் வந்தாய்?" என்று மெர்குஷியோ கேட்டு, "நல்லதுக்குத்தான் செய்தேன்" என்று ரோமியோ சொல்லி முடிக்கும்வரை அந்தக் கை இறங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய ஆசிரியர்கள் சிலர்,
ராயபுரம், சென்னை-13.