பேனரில் எங்கள் முகம் வேண்டாம், மிளகாயைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் குழுக்களின் பொருள்கள் கண்காட்சிகளில் எதிர்பார்த்த அளவு விற்பதில்லை என்று உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். தரம், பேக்கிங், விலை எல்லாம் சொல்லியிருந்தீர்கள், சரி. ஸ்டாலில் மாட்டுகிற பேனரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் சூடுபட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் சாயல்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமம். எங்கள் குழுவில் குண்டு மிளகாய் வற்றல், மிளகாய்த்தூள், கருப்பட்டி, ஓலைப்பெட்டி, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. சென்னையில் ஒரு கண்காட்சியில் இடம் கிடைத்ததும் முதல் வேலையாகப் பேனர் அடிக்கத்தான் ஓடினோம். பத்துக்கு எட்டு அடி ஃபிளெக்ஸ். உச்சியில் குழுவின் முழுப்பெயர், அதிலும் "மகளிர் சுய உதவிக் குழு" என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிசு. இரண்டு ஓரத்திலும் நாங்கள் ஆறு பேர் கைகூப்பிய படம், நடுவில் பதினேழு பொருள்களின் பட்டியல், அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு மிளகாய்ப் படம். கடைக்காரத் தம்பி நெட்டிலிருந்து எடுத்துப் போட்டது. அது நீட்டு மிளகாய்! ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் எங்களுடையது, உருண்டையாக இருப்பதுதான் அதற்கு அடையாளமே. ஆறு பேரில் ஒருத்திக்கும் அது கண்ணில் படவில்லை, எனக்கும்தான். அவரவர் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டோம்.

முதல் நாள் ஸ்டாலில் வந்து நின்றவர்களில் இரண்டு பேர் கேட்டது, "லோன் விஷயமா யாரைப் பார்க்கணும்?" இன்னொருவர் படத்தைப் பார்த்துவிட்டு "குண்டூர் மிளகாயா?" என்றார். "குண்டு மிளகாய்ங்க" என்றேன். "அதாம்மா, குண்டூர்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் எதிர் வரிசையில் போய் நின்று எங்கள் ஸ்டாலை நானே பார்த்தேன். பேனரின் கீழ்ப்பாதி மேஜைக்குப் பின்னால் போய்விட்டது, மிச்சத்தில் பாதியை எங்கள் தலைவி நின்று மறைத்துக்கொண்டிருந்தார். பளபள ஃபிளெக்ஸில் ஃபோகஸ் லைட் பட்டு நடுப்பட்டியல் ஒரே வெள்ளை. வெளிச்சம் படாத இடத்திலும் "பனங்கற்கண்டு" என்ற சொல்லை இடத்துக்குள் அடக்க எழுத்தை இரண்டு பக்கமும் நெருக்கியிருந்ததில் புள்ளி எது, சுழி எது என்று தெரியவில்லை. போர்டு எழுதுகிறவர்களிடம் பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்று ஒரு கணக்கு உண்டு. கொம்பும் சுழியும் உள்ள நம் எழுத்துக்கு நான் இரண்டு அங்குலம் கேட்பேன். எங்கள் பட்டியலில் எழுத்து முக்கால் அங்குலம்கூட இல்லை.

எனக்கு அப்போது எங்கள் அப்பாவின் வள்ளம்தான் நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கும்போது பேரையும் நம்பரையும் படகின் முன்பக்கமான அணியத்தில் பெரிசாக, அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளையில் எழுதுவார், எழுதிவிட்டு நாலைந்து வள்ளம் தள்ளிப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் தூரிகையைக் கழுவுவார். பேனர் கடையில் கம்ப்யூட்டருக்கு ஒரு முழம் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளை சார்ட்டும் தடித்த மார்க்கரும் வாங்கி "குண்டு மிளகாய்" என்று இரண்டே சொல் எழுதி, நிற்கிறவர் தலைக்கு மேலே தெரிகிற மாதிரி கட்டினோம். அதற்கு நேர் கீழே ஒரு ஓலைப்பெட்டி நிறைய வற்றல். காய்ந்த குண்டு மிளகாயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும், அதைக் கேட்கவே பிள்ளைகள் நின்றார்கள், பிள்ளைகள் நின்றால் அம்மாக்களும் நிற்கத்தானே வேண்டும். விலையைச் சின்ன அட்டையில் எழுதிப் பெட்டிமேலேயே செருகினோம். லோன் கேட்டு அன்றைக்கு யாரும் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. ஸ்டாலின் நெற்றியில் ஏற்பாட்டாளர்களே ஒரு பெயர்ப்பலகை ஒட்டித் தருவார்கள். விண்ணப்பத்தில் நாம் எழுதிக் கொடுக்கிற பெயர்தான் அதில் வரும், அது தெரியாமல் அங்கேயும் குழுவின் முழுப்பெயரை எழுதிக் கொடுத்திருந்தோம். அனுமதித்தால் பொருளின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். டெல்லிக்குப் போகிறவர்கள் "கருப்பட்டி" என்பதை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் அங்கே ஒருவருக்கும் புரியாது, பாம் ஜாக்கரி என்று போட வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது சுருங்கிப்போய் பேனரில் கட்டம் கட்டமாக விழும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். புவிசார் குறியீட்டு முத்திரையை அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்தவர்கள்தான் போடலாம், நெட்டில் கிடைக்கிறதே என்று எடுத்து ஒட்டாதீர்கள். கியூஆர் கோடு பேனரின் அடியில் இருந்தால் எவரும் குனிந்து ஸ்கேன் செய்ய மாட்டார், பில் போடுகிற இடத்தில் வையுங்கள்.

குழுவின் பெயரும் உறுப்பினர் படமும் கட்டாயம் பெரிசாக வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியே அனுப்பினார்கள். யார் என்று எழுத விரும்பவில்லை. விருந்தினர் வந்து போட்டோ எடுக்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்கு அது சரிதான், மிச்ச நாளெல்லாம் நடைபாதையில் போகிறவர் நாலு எட்டுக்குள் எங்களைக் கடந்துவிடுகிறாரே! கண்காட்சிக்கு அனுப்புமுன் பேக்கிங்குக்கும் கணக்கெழுதவும் பயிற்சி தருகிறவர்கள் இதற்கும் அரை நாள் ஒதுக்கினால் நல்லது. பேனர் மாதிரியைப் போனில் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடி போடாத எங்கள் தலைவியால் பொருளின் பெயரைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு அதுகூட வேண்டாம்.

அந்தப் பழைய பேனர் வீணாகவில்லை. இப்போது களத்தில் மழை தூறினால் மிளகாய்மேல் அதைத்தான் போர்த்துகிறோம், ஆறு பேரும் வானத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு கிடக்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்,
சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.