பர்சனல் லோனில் முன்பணம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘முன்பணத்தைப் பர்சனல் லோனில் புரட்டி ஃபிளாட் வாங்குங்கள், வாடகையே தவணையைக் கட்டிவிடும்’ என்ற யோசனை காணொளிகளில் பரவுகிறது. அதை நம்புமுன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

50 லட்ச ரூபாய்க்கு, மறுவிற்பனைக்கு வந்த ஒரு ஃபிளாட். இந்த அளவுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதித்த வரம்பு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம். ஆகவே 40 லட்சம்தான் கிடைக்கும். மீதி 10 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என இன்னொரு 4.5 லட்சம். 15 லட்சம் பர்சனல் லோன் எடுத்தால், 2 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் பிடித்தபின் 14,64,600 ரூபாய் கைக்கு வரும். 13 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு மாதத் தவணை 34,130. வீட்டுக்கடனுக்கு, 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு, 34,713. ஆக மாதம் 68,843. வாடகை 15,000 என்று வைத்தாலும் 53,843 சம்பளத்திலிருந்து போக வேண்டும். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களையும் சொத்து வரியையும் இதில் சேர்க்கவில்லை.

பலர் கவனிக்காதது இதைவிடப் பெரியது. வீட்டுக்கடன் தரும் வங்கி, உங்கள் கடன்களின் விவரம் அடங்கிய கிரெடிட் அறிக்கையில் அந்த 34,130 தவணையைப் பார்த்து, உங்கள் திருப்பிச் செலுத்தும் திறனிலிருந்து கழித்துவிடும். மேற்சொன்ன வட்டியிலும் காலத்திலும் அது ஏறக்குறைய 39 லட்ச ரூபாய் வீட்டுக்கடனுக்கான தகுதி. முன்பணத்துக்காக வாங்கிய 15 லட்சக் கடன், ஏறக்குறைய 40 லட்சக் கடனையே தின்றுவிடுகிறது! கடன் வராமல் போனால் கிரய ஒப்பந்தத்துக்குக் கொடுத்த அட்வான்ஸும் சிக்கலில் மாட்டும். ஒப்புதல் வந்தபின் பர்சனல் லோன் எடுக்கலாம் என்பதும் ஆபத்து. பணம் விடுவிக்குமுன் வங்கி, உங்கள் கிரெடிட் அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். கடனை மறைத்தது தெரிந்தால் ஒப்புதலை ரத்து செய்யலாம்.

வரிச்சலுகையையும் பெரிதாக நம்ப வேண்டாம். பர்சனல் லோன் பணம் வீடு வாங்கவே போனது என்று வங்கிப் பரிவர்த்தனை மூலம் காட்டினால் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் வாடகையைவிட வட்டி அதிகமாகி வரும் வீட்டுவகை நஷ்டத்தை, புதிய வரி முறையில் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது.

ஏற்கெனவே இரண்டு கடனிலும் இருப்பவர்கள், உபரிப் பணத்தை முதலில் பர்சனல் லோனுக்கே கட்டட்டும். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்று கடன் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கட்டவும்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் ஆலோசகர் ஒருவர்,
மதுரை