சாவியை ஒப்படைக்கும் முன் மேசைகளுக்கு வழி சொல்லுங்கள்

பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகத்தைக் காலி செய்யவிருக்கும் நிறுவனங்களின் அட்மின் மேலாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகங்களில் மேசை பூட்டுவதும், நீங்கள் இடம் மாறும்போது அதைக் கழற்றுவதும்தான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு. பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை நான் ஏறி இறங்காத கட்டடம் குறைவு.

2021-ல் ஒரு நிறுவனம் இரண்டு தளங்களைக் காலி செய்தது. கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, இடம் தேவைப்படவில்லை. முந்நூற்று நாற்பது இருக்கைகள். எங்களுக்குக் கொடுத்தது மூன்று இரவு. கட்டடக்காரரிடம் வெறும் தரையும் சுவருமாக ஒப்படைக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் வாடகை ஏறும் என்றார்கள். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்த பையன்களிடம் "சுத்தியலை எடுங்கப்பா" என்று சொன்னவன் நான்தான். இரும்புக் காலும் அலுமினியச் சட்டமும் செம்பு ஒயரும் காயலாங்கடைக்குப் போயின. பலகைகள் குட்டியானையில் ஏறி, செம்மஞ்சேரியைத் தாண்டி ஒரு காலி மனையில் இறங்கின. நான்கு நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். பாதி எரிந்து புகைந்தது, பாதி மழையில் உப்பிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியபடி வாசலில் நின்றார். வண்டியில் ஏற்றிவிட்டவர்கள் என் ஆட்கள். அதற்குப் பிறகு எந்த வேலையையும் பழையபடி என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். காலி செய்யும் வேலையை நீங்கள் மொத்தமாக ஒரு ரேட்டுக்கு விடுகிறீர்கள். எடுப்பவர் கணக்குப் போடுவது இரும்பு, அலுமினியம், செம்பு, கண்ணாடி இவற்றின் விலையை வைத்துத்தான். மேசைப் பலகையான பார்ட்டிகிள் போர்டுக்கு விலையே கிடையாது. அதை ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகை கைக்காசில் போகும். அதனால் இரவோடு இரவாக ஏரிக்கரையிலும் காலி மனையிலும் இறங்குகிறது. நாவலூர், படூர் பக்கமெல்லாம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் ஊராட்சிகள். லோடு லோடாக வந்து விழும் பலகையை அள்ள அவர்களிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

பலகைதானே, மரம்தானே என்று நினைக்காதீர்கள். மரத்தூளையும் சிராயையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்திச் செய்தது அது. எரித்தால் ஃபார்மால்டிஹைடு வெளியேறும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. ஓரத்தில் ஒட்டிய பிவிசி பட்டை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. நாற்காலி ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு. இரண்டும் நச்சு வாயு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது உங்கள் கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளும் அந்த நெடி வந்திருக்கும். அந்தக் கிடங்கு உட்கார்ந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022-ல்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கணினிகளை நீங்கள் இப்படிக் கொட்டுவதில்லை. மின்கழிவு விதிகள் இருப்பதால், பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைக்கிறீர்கள். அதே அறையில் அந்தக் கணினியைத் தாங்கி நின்ற மேசை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனிச் சட்டத்தின் அட்டவணையில் மேசை நாற்காலிக்குப் பத்து வருஷ ஆயுள். கணக்கில் மதிப்பு கரைந்துவிட்டால் பொருளும் தீர்ந்துபோனதாக ஆகிவிடுகிறது. நான் பூட்டிய மேசைகள் பதினைந்து வருஷம் கழித்தும் ஆடாமல் நிற்கின்றன.

நான் கேட்பது முக்கியமாக நாள் அவகாசம். ஒப்படைக்கும் தேதி உங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். எங்களுக்கு மட்டும் கடைசி வாரத்தில் சொல்கிறீர்கள். மூன்று மாதம் முன்பு சொல்லுங்கள். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே வரிச்சலுகையில் வாங்கிய சாமான் வெளியே போகக் காகித வேலை முடிய வேண்டும். அது முடியாமல் பலமுறை லாரியை கேட்டிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

அவகாசம் இருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி எடுக்கலாம். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ ஒருமுறை பிய்ந்து வந்தால் அந்த ஓட்டை மறுபடி பிடிக்காது. உங்கள் நாலு பேர் மேசையில் நடுக்கால் இரண்டு பக்கத்துக்கும் பொது. அவசரமாகப் பிரித்தால் ஒரு பாதி கால் இல்லாமல் நிற்கும். பிரிக்கும்போதே எந்தப் பலகைக்கு எந்தக் கால் என்று சாக்பீஸில் எண் போட்டு, ஸ்க்ரூக்களைப் பையில் கட்டி அதனோடு ஒட்டிவைத்தால், வாங்குகிறவர் அரைமணி நேரத்தில் பூட்டிவிடுவார். நாற்காலியில் பெரும்பாலும் கெடுவது உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்டும் சக்கரமும்தான். இரண்டும் மாற்றக்கூடியவை. கேஸ் லிஃப்டுக்குள் அழுத்தம் ஏற்றிய நைட்ரஜன் இருக்கிறது. அதைக் குப்பையோடு தீயில் போடுவது உயிருக்கு ஆபத்து.

பள்ளிக்குக் கொடுக்க நினைத்தால் நல்லது. அரசுப் பள்ளிகளுக்கு உதவி சேர்க்கத் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாக எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பாருங்கள். பெரியவர்களுக்காகச் செய்த 75 செ.மீ. உயர மேசையில் மூன்றாம் வகுப்புக் குழந்தையால் எழுத முடியாது. ஆசிரியர் அறைக்கும் கணினி அறைக்கும் நூலகத்துக்கும் அது பொருந்தும். உடைந்ததைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசுப் பொருளாக ஏட்டில் ஏறிவிட்டால், அதைக் கழித்துக்கட்டத் தலைமையாசிரியர் மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

எதற்கும் ஆகாத பலகைக்கும் வழி இருக்கிறது. மறுசுழற்சிக்கு ஆகாமல், கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் கழிவைக் கிடங்கில் கொட்டாமல் எரிபொருளாகப் பயன்படுத்தச் சொன்னது 2016 திடக்கழிவு விதி. 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சிமென்ட் சூளை அதற்கான இடம். தெருவோரத் தீயில் வெளியேறும் நஞ்சு அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். வண்டிச் செலவு உண்டு. அதை எங்கள் ரேட்டில் அடக்கச் சொல்லாமல் ஒர்க் ஆர்டரில் தனிச் செலவாகப் போட்டுக் கொடுங்கள். அடக்கச் சொன்னால் அது மறுபடி ஏரிக்கரைக்குத்தான் போகும்.

அதே ஒர்க் ஆர்டரில் ஒரு நிபந்தனையும் சேருங்கள்: எத்தனை கிலோ பலகை, எந்த இடத்தில் இறங்கியது என்பதற்கு எடைமேடைச் சீட்டும், வாங்கியவர் கையெழுத்தும் வந்த பிறகே கடைசித் தவணை. என் பில்லுக்கும் அப்படியே செய்யுங்கள்.

இப்படிக்கு,
மேசை பூட்டும் தச்சன்,
காரப்பாக்கம்