கல்லெறிந்தவன் ஒருவன், கடிபட்டது வேறொரு பிள்ளை

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். நான் கோண்டாவிலில் ஓர் ஒழுங்கையில் இருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் தபால் கொண்டுபோய்க் கொடுத்து ஓய்வு பெற்றவன். நாய்க்கடி என்றால் என்னவென்று காலிலேயே அடையாளம் இருக்கிறது. இப்போது என் வீட்டிலும் இரண்டு நாய்கள் நிற்கின்றன. ஒன்று வீமன், மற்றது சூட்டி. இவற்றையும் எங்கள் அயலிலுள்ள பிள்ளைகளையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

பின்னேரம் இரண்டரை மணிக்கு ஏழெட்டுப் பெடியள் எங்கள் ஒழுங்கையால் ரியூசனுக்குப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்களுடையது தகரப் படலை. அதில் தடியை வைத்து இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை உரசிக்கொண்டு போவார்கள். நாய்கள் இரண்டும் பாய்ந்து வந்து குரைக்கும். அதுதான் அவர்களுக்கு வேண்டியது. அப்புறம் தாங்களும் குரைத்துக் காட்டுவார்கள், படலையின் கீழ் இடுக்கால் தடியை விட்டுக் குத்துவார்கள், போகும்போது ஒரு கல்லும் விழும். ஒழுங்கை முடிவில் வைரவர் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையில் இதே பிள்ளைகள்தான் அங்கே திருநீறு பூசிக்கொண்டு நிற்பார்கள். வைரவருக்குப் பக்கத்தில் நிற்கும் நாயை அவர்கள் பார்க்காமல் இருக்க முடியாது.

நானும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு விளையாட்டுக் கூடியது. ஒருநாள் தடியோடு கலைத்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு பெடியனின் தகப்பனிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அன்றிரவு பிள்ளைக்குப் பூவரசங்கம்பால் அடி விழுந்திருக்கிறது. அடுத்த நாள் வந்து விழுந்த கல் முந்தியதைவிடப் பெரியது. சூட்டியின் கண்ணுக்கு மேலே கிழிந்துவிட்டது.

சென்ற ஆவணியில் பக்கத்து வளவுப் பெண்பிள்ளை, ஐந்து வயது, தாயோடு மோதகம் கொண்டு வந்தாள். நான் படலையைத் திறந்துவிட்டுச் சட்டியை வாங்கக் கை நீட்டினேன். வீமன் என்னைக் கடந்து போய் அந்தப் பிள்ளையின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒருநாளும் எங்கள் நாய்களுக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. தகப்பன் வந்து என்னைப் பேசியதெல்லாம் சரி. அவருடைய இடத்தில் நின்றால் நானும் பேசியிருப்பேன். நாயைக் கட்டாமல் படலையைத் திறந்தது என் பிழைதான்.

ஆனால் வீமன் ஏன் அப்படிச் செய்தது என்பதை நான் என் தொழிலிலிருந்தே அறிவேன். தபால்காரனைப் பார்த்து நாய் ஏன் குரைக்கிறது? அது குரைக்கிறது, அவன் தபாலைக் கொடுத்துவிட்டுப் போகிறான். தான் குரைத்தபடியால்தான் அவன் போனான் என்று நாய் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் அது வெல்கிறது, ஒவ்வொரு நாளும் அதற்குத் துணிவு கூடுகிறது. அதோடு அடியும் கல்லும் சேர்ந்தால் துணிவோடு கோபமும் வளரும். அந்தக் கோபத்துக்கு ஆள் வேறுபாடு தெரியாது. இந்த உயரத்தில், இந்தக் குரலில் வருகிற எல்லாமே அதற்கு ஒன்றுதான். சைக்கிள் ஓடிய காலத்தில், எந்த ஒழுங்கையில் பெடியள் நாய்க்குக் கல்லெறிகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அங்கே நிற்கும் நாய்கள்தான் என் காலுக்குப் பாயும்.

நாய் மறக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தபோது எங்கள் நாயை அவிழ்த்துவிட்டுவிட்டுத்தான் நாங்களும் செம்மணி வெளியால் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக அதே படலையடியில் கிடந்தது. அம்மாவின் குரலைக் கேட்டதும் எழும்ப முடியாமல் வாலை மட்டும் ஆட்டியது. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு குரலை வைத்திருந்த பிராணி, நேற்று எறிந்த கல்லை எப்படி விடும்?

பெற்றோருக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விசயம் வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கடிபட்டது எல்லோருக்கும் தெரியும். உடனே பைப்பைத் திறந்து சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வீமனுக்கு ஊசி போட்ட அட்டையைக் காட்டினோம், நாயைப் பதினான்கு நாள் கவனிக்கச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் சீண்டப் போய்க் கடிபட்ட பிள்ளை வீட்டில் சொல்லுமா? "நீ ஏன்ரா நாயிட்டப் போனனீ" என்று அடி விழும் என்று தெரிந்தால் களிசானை இறக்கிவிட்டு மறைத்துக்கொள்ளும். நகக் கீறல் என்றால் மறந்தே போகும். விசர்நாய்க்கடி நோய் அடுத்த நாளே தெரிவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து, சிலவேளை ஒரு வருடம் கழித்தும் வரும். குணங்குறி தொடங்கிய பிறகு காப்பாற்ற மருந்து இல்லை என்றே சொல்லலாம். அதற்கு முன்னரோ, அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் ஊசி போடுகிறார்கள். சந்தேகமான மிருகங்களிடம் கடிபடுகிறவர்களில் 40 வீதம் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஆகவே தயவுசெய்து இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்: நீ என்ன குழப்படி செய்து கடிவாங்கினாலும் ஓடி வந்து சொல், அடிக்கமாட்டேன். சொன்னபடி அடிக்காமலும் இருங்கள். கடிவாயில் மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் பூசவும் வேண்டாம்.

நாய் வைத்திருக்கிற எங்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஊசி போடாமல், கட்டாமல், ரோட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. மிருகங்களை வதைப்பதற்கு எதிராக 1907ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறதுதான். ஆனால் பதினொரு வயதுப் பெடியனைப் பொலிசுக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

நான் செய்தது இதுதான். படலையின் உட்பக்கம் சாக்கும் கிடுகும் வைத்து மறைத்தேன், கீழ் இடுக்கைப் பலகையால் அடைத்தேன். ஆளைக் காணாவிட்டால் நாயின் பாய்ச்சல் பாதி குறைகிறது. இரண்டு மணிக்கே இரண்டையும் கோடிப்பக்கம் கொண்டுபோய்க் கட்டி, அந்த நேரத்தில் சாப்பாடு வைத்தேன். படலையடியில் நான் கதிரை போட்டு இருந்தேன், பேசவில்லை. நாலாம் நாள் முன்னுக்கு வருகிற பெடியனை, அன்று அடிவாங்கியவனை, "தம்பி, இஞ்ச வா, சூட்டிக்கு மருந்து பூசவேணும், ஒருக்காப் பிடி" என்று கூப்பிட்டேன். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். காயத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் வந்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தேன். நாய் வால் விறைத்து, முதுகுமயிர் சிலிர்த்து நின்றால் கிட்டப் போகாதே. முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கினால் அது பயப்படுகிறது, விட்டுவிடு. தெருநாய் வந்தால் ஓடாதே, கண்ணைப் பார்க்காதே, கையைக் கீழே விட்டுக்கொண்டு மரம்போல் நில். தின்னுகிற நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடாதே. இவையெல்லாம் பாடப்புத்தகத்திலிருந்து வந்தவை அல்ல, கடிபட்டுப் படித்தவை. மற்றப் பெடியளுக்கு இப்போது அவன்தான் சொல்லிக் கொடுக்கிறான்.

உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். சனசமூக நிலையங்களில் நாய்களுக்கு ஊசி போட வரும் நாளில், நாய்களைப் பிள்ளைகளே பெரியவர்களோடு சேர்ந்து கொண்டுவரட்டும். கால்நடை வைத்தியர் ஒரு கால் மணித்தியாலம் அவர்களோடு பேசட்டும். ஊசி அட்டையை ஒரு பிள்ளை கையில் வாங்கினால் அந்த நாய்க்கு அவன் கல்லெறிவது கடினம்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது தூரத்திலேயே பெல் அடித்து "வீமா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்கள். வீமன் வாலை ஆட்டுகிறது. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் வந்தால் அதைக் கட்டித்தான் வைக்கிறேன். சூட்டி இன்னும் மாறவில்லை. காற்றுக்குத் தகரத்தில் ஒரு கொப்பு உரசினாலும் ஓடிப்போய்க் கிணற்றடியில் பதுங்கிக்கொள்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் சேவகர் ஒருவர்,
கோண்டாவில்.